அட்டை படிக்கும் பெட்டியும் கோமளத்தின் தீர்ப்பும்

தி. நகர், சென்னை-17
27.9.1993

மதிப்பிற்குரிய கோமளம் அம்மா அவர்களுக்கு,

வணக்கம். என் பெயர் கரீமுல்லா. உஸ்மான் ரோட்டிலிருந்து பிரியும் சந்து ஒன்றில் வீடியோ கேம் கடை வைத்திருக்கிறேன். உள்ளங்கை அளவு கேம் பெட்டிகளை அரை மணிக்கு இவ்வளவு என்று வாடகைக்குக் கொடுப்பேன். கடையிலேயே உட்கார்ந்து ஆட வேண்டும்.

'இல்லச் சந்தை' மாத இதழில் நீங்கள் எழுதும் 'வாங்கலாமா?' பகுதியை என் மனைவி ஷாகிரா ஒரு வரி விடாமல் படிப்பாள். எங்கள் வீட்டு மிக்ஸி நீங்கள் சொன்னது. இஸ்திரிப் பெட்டி நீங்கள் சொன்னது. உங்களைக் கேட்காமல் அவளாக எடுத்த ஒரே முடிவு என்னைக் கட்டிக்கொண்டதுதான். அதில் அவளுக்குக் கொஞ்சம் வருத்தம் உண்டு என்று நினைக்கிறேன்.

விஷயம் இதுதான். கப்பலில் வேலை பார்க்கும் என் மச்சான் ஜப்பானிலிருந்து ஒரு புதுச் சாமான் கொண்டுவந்திருக்கிறான். கேம் பெட்டியின் தலையில் செருகும் சின்னக் கருவி. கூடவே நாற்பது அட்டைகள். ஒவ்வொரு அட்டையிலும் கறுப்புக் கோடுகள். அட்டையைக் கருவியின் பிளவில் வைத்து ஒரு இழு இழுத்தால், கோடுகளைப் படித்து, திரையில் ஒரு வீரன் குதிப்பான். அட்டைக்கு அட்டை வேறு வீரன், வேறு பலம். எனக்குத் தெரிந்து இந்த ஊரில் வேறு யாரிடமும் இது இல்லை.

பிள்ளைகள் வாசலில் நின்று வாயைப் பிளக்கிறார்கள். அம்மாக்கள்தான் காதைப் பிடித்து இழுத்துப் போகிறார்கள். அந்த அம்மாக்கள் அத்தனை பேரும் உங்களைப் படிக்கிறவர்கள். அதனால்தான் கிரைண்டர் பார்க்கிற உங்களிடம் கேம் கருவியை அனுப்புகிறேன்.

மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். பொங்கலுக்குள் கடை சூடு பிடிக்காவிட்டால் ஆம்பூருக்கு வந்து தோல் கிடங்கைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று என் மாமனார் கெடு வைத்திருக்கிறார். தோல் வாசனை எனக்கு ஆகாது. ஷாகிரா பிறந்து வளர்ந்தது தி. நகரில், பாட்டி வீட்டில். கூட்டம் இல்லாத தெருவில் அவளுக்கு மூச்சு முட்டும்.

பொருள் கொடுத்தவரை நீங்கள் நேரில் பார்ப்பதில்லை, எல்லாம் தபாலில்தான் என்று தெரியும். கருவியை ஒரு கேம் பெட்டியோடும் அட்டைகளோடும் பத்திரிகை அலுவலகத்தில் கொடுத்துவிட்டேன்.

இப்படிக்கு,
கரீமுல்லா

*

மயிலாப்பூர், சென்னை-4
14.10.1993

திரு. கரீமுல்லா அவர்களுக்கு,

கருவி வந்து சேர்ந்தது. கூட வந்த அல்வா டப்பாவை அலுவலகத்துக்கே திருப்பி அனுப்பிவிட்டேன். சோதனை முடியும்வரை பொருள் கொடுத்தவரின் பண்டம் எதையும் தொடுவதில்லை என்பது என் கட்டுப்பாடு. அதற்குள் என் கணவர் இரண்டு துண்டு எடுத்துவிட்டார். மன்னிக்கவும்.

என் வழக்கம் இதுதான். எந்தச் சாமானானாலும் எங்கள் வீட்டில் முப்பது நாள் இருக்க வேண்டும். தினமும் காலையில் டெலிபோன் ஆபீசுக்குக் கிளம்புமுன், உங்கள் நாற்பது அட்டைகளையும் ஒவ்வொன்றாக இழுத்து, படித்ததா இல்லையா என்று நோட்டில் குறிக்கிறேன். பத்து நாளாக நாற்பதுக்கு முப்பத்தெட்டு. துள்ளிக் குதிக்க வேண்டாம். முதல் வாரத்தில் மாவை வெண்ணெயாக அரைக்காத கிரைண்டரை நான் இன்னும் பார்க்கவில்லை. போகப் போகத்தான் தெரியும்.

எனக்கு இந்தச் சண்டையெல்லாம் புரியவில்லை. என் பெண் ஷ்ரேயாவுக்குப் புரிகிறது. என் கணவர் பத்ரிநாராயணனுக்கு வேண்டியதற்கு மேலேயே புரிகிறது. ஆபீசிலிருந்து வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் "அந்தப் பதினேழாம் நம்பர் கார்டை எடுடி ஷ்ரேயா" என்கிறார். அந்த வீரன் அவருடைய செக்ஷன் ஆபீசர் மாதிரியே முறைக்கிறானாம். நேற்று அவனைத் தோற்கடித்துவிட்டு, "கோமளம், இருபது வருஷமா பண்ண முடியாததை இன்னிக்குப் பண்ணிட்டேன்" என்று காபி கேட்டார்.

நாளை மறுநாள் கொலு வைக்க வேண்டும். வீடு அமளிப்படும். ஆனாலும் சோதனை நிற்காது.

இப்படிக்கு,
கோமளம் பத்ரிநாராயணன்

*

தி. நகர்
27.11.1993

திருமதி கோமளம் அவர்களுக்கு,

டிசம்பர் இதழ் வந்தது. படித்தேன். ஷாகிராவும் படித்தாள். தெருவே படித்துவிட்டது.

"முதலில் நாற்பதில் முப்பத்தெட்டு அட்டைகளைப் படித்த கருவி, மாதக் கடைசியில் நாலுக்கு மேல் படிக்கவில்லை. சீக்கிரம் களைத்துப் போகும் சாமான். வாங்கலாமா? வேண்டாம். வாடகைக்கும் வேண்டாம்."

அந்தக் கடைசி இரண்டு வார்த்தை எதற்கு அம்மா? உங்களை யாராவது வாடகை பற்றிக் கேட்டார்களா? நன்றாக இருக்கிறது என்று பொய் எழுதச் சொல்லவில்லை. என்ன கோளாறு என்று எனக்கு ஒரு வரி தபாலில் போட்டிருக்கலாமே. முப்பது நாளில் ஒரு கார்டு எழுத ஒரு நிமிஷம் கிடைக்கவில்லையா?

நேற்று ஒரு அம்மா என் கடை வாசலிலிருந்து தன் பெண்ணை இழுத்துக்கொண்டு போனார். "வா கண்ணு, அதான் புக்குலயே போட்டுகீதே, அந்த மெஷினு டுபாக்கூராம்." அந்தப் பெண் என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனது. எனக்கு எங்கே முகத்தை வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

இதழ் ஆம்பூருக்கும் போய்விட்டது. மாமனார் கடிதம் போட்டிருக்கிறார். ஒரே வரி: "தை மூன்றாம் தேதி வேன் எடுத்துக்கொண்டு வருகிறேன்."

கருவியை இன்னும் அலுவலகத்தில் திருப்பித் தரவில்லை. சீக்கிரம் அனுப்பச் சொல்லவும்.

கரீமுல்லா

*

மயிலாப்பூர்
30.11.1993

திரு. கரீமுல்லா அவர்களுக்கு,

இதழ் வந்த பிறகே பொருள் திரும்பும் என்பது பத்திரிகையின் வழக்கம். இன்று கொடுத்துவிடுவார்கள்.

உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது. ஒன்பது வருடத்தில் இப்படிப் பல கடிதங்கள் பார்த்தாயிற்று. ஒரு குக்கர்காரர் எனக்குச் சமைக்கவே தெரியாது என்று எழுதினார். நான் யாருக்கும் விரோதி இல்லை. நான் எழுதுவதை நம்பி நாலு பேர் கையிலிருப்பதை எடுத்துக்கொண்டு கடைக்குப் போகிறார்கள். உங்களுக்காக இரக்கப்பட்டு அவர்களை ஏமாற்ற என்னால் முடியாது. முன்னால் கார்டு போட்டு எச்சரிப்பதும் கிடையாது. உங்களுக்குப் போட்டால் குக்கர்காரருக்கும் போட வேண்டும்.

பராமரிப்பில் குறை என்று மட்டும் நினைக்காதீர்கள். தண்ணீர் படவில்லை, கீழே விழவில்லை. பண்டிகை நாளிலும் எங்கள் வீட்டு இயந்திரங்களுக்கு என்ன மரியாதை உண்டோ அத்தனையும் அதற்கும் நடந்தது. திருப்பிக் கொடுக்குமுன் ஈரத்துணியால் நானே வெளியெல்லாம் துடைத்தேன்.

உங்கள் மாமனார் விஷயம் கேட்டு வருத்தப்பட்டேன். ஆனால் நோட்டில் இருப்பதைத்தான் எழுத முடியும்.

கோமளம் பத்ரிநாராயணன்

*

தி. நகர்
4.12.1993

கோமளம் அம்மா அவர்களுக்கு,

நீங்கள் சொன்ன அந்த மரியாதையை நான் கண்ணால் பார்த்துவிட்டேன்.

கருவி நேற்று கைக்கு வந்தது. எதிர்க் கடையில் சைக்கிள் ரிப்பேர் பார்க்கும் தங்கவேலு அண்ணன் பக்கத்தில் நிற்க, நாலு திருகாணியையும் கழற்றினேன். அட்டை போகும் பிளவுக்குள் சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு கண்ணாடி இருக்கிறது. அதுதான் அதற்குக் கண். கோடுகளை அது வழியாகத்தான் பார்க்கும். அந்தக் கண் முழுக்க மஞ்சளாகக் காய்ந்து அப்பியிருந்தது. நடுவில் சிவப்பு.

"இன்னா பாய், மெஷினுக்கு மஞ்சக்காமாலையா?" என்றார் தங்கவேலு. பிறகு அவரே குனிந்து மோந்து பார்த்தார். "யோவ், இது சந்தனம்யா! ஆயுத பூஜைக்கு நான் பஞ்சர் பம்புக்கு வெப்பேனே, அதே சந்தனம். மேல குங்குமம். நல்லாத்தான் வெச்சிகீறாங்க!"

ஸ்பிரிட் தொட்டுப் பஞ்சால் துடைத்தேன். நாற்பதுக்கு முப்பத்தெட்டு. மற்ற இரண்டும் எந்தக் காலத்திலும் படிக்காது. அவற்றை என் மச்சான் கப்பலில் டீ கிளாசுக்கு அடியில் வைத்திருந்தான்.

அம்மா, சாமி காரியத்தைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. "நம்ம மெஷினையும் அவங்க வூட்டு மெஷினா நெனச்சித்தானே பொட்டு வெச்சாங்க" என்று ஷாகிரா உங்களுக்காகத்தான் பேசுகிறாள். எனக்கும் முதலில் சிரிப்புதான் வந்தது. சிரித்து முடித்த பிறகுதான் வயிறு எரிந்தது. களைத்துப் போனது என் கருவி இல்லை. அதன் கண்ணை நீங்கள் மூடிவிட்டு, அதற்குப் பார்வை இல்லை என்று ஊருக்கே சொல்லிவிட்டீர்கள்.

துடைத்த பஞ்சை இத்துடன் வைத்திருக்கிறேன். உங்கள் வீட்டுச் சொத்து.

கரீமுல்லா

*

மயிலாப்பூர்
9.12.1993

தம்பி கரீமுல்லாவுக்கு,

தம்பி என்று எழுத எனக்கு என்ன உரிமை என்று கேட்பீர்கள். தப்பு செய்தவள் விறைப்பாக எழுத முடியவில்லை. அவ்வளவுதான்.

உங்கள் கடிதத்தைப் படித்ததும் முதலில் கோபம்தான் வந்தது. வேறு யாராவது வைத்திருப்பார்கள் என்று நினைத்தேன். பஞ்சை மோந்து பார்த்தேன். எங்கள் வீட்டுக் கல்லில் இழைத்த சந்தனம். அப்புறம் நோட்டை எடுத்தேன். அக்டோபர் 22, முப்பத்தெட்டு. 23, 'பூஜை, தொடவில்லை' என்று சிவப்பு மையில் என் கையெழுத்து. 24, முப்பத்தொன்று. 26, பத்தொன்பது. மாதக் கடைசியில் நாலு. சிவப்பு வரிக்கு நேர் கீழேயே சரிந்துகொண்டு வருகிறது. அதைப் பார்த்தும் எனக்கு உறைக்கவில்லையே!

பொட்டு வைத்தது நான்தான். தையல் மெஷினுக்கு வைத்தேன், மிக்ஸிக்கு வைத்தேன், இவருடைய ஸ்கூட்டருக்கு வைத்தேன். உங்கள் கருவி சின்னது. மற்ற இடமெல்லாம் வழவழப்பு, சந்தனம் நிற்கவில்லை. பிளவின் விளிம்பில்தான் ஒட்டியது. மறுநாள் அட்டைகளை இழுக்க இழுக்க, அதை நானே ஒவ்வொன்றாக உள்ளே கொண்டுபோய்ப் பூசியிருக்கிறேன். அட்டை ஓரமெல்லாம் மஞ்சளாக இருந்தது. சாம்பார் கையோடு விளையாடினாள் என்று ஷ்ரேயாவைத் திட்டினேன். இப்போது அவள் எழுத்து மூலமாக மன்னிப்பு கேட்கச் சொல்கிறாள். கேட்டாயிற்று.

"ஏண்டி, கண்ணுலேயே குங்குமத்தை அப்பினா அது என்னத்தைப் பாக்கும்?" என்று இவர் கேட்டுச் சிரித்தார். இன்றைக்குக் காபி கிடையாது என்றேன். பிறகு நானும் சிரித்துவிட்டேன்.

அன்றைக்கே ஆசிரியர் ஜெயராமைப் போய்ப் பார்த்தேன். ஜனவரி இதழில் திருத்தம் போட வேண்டும் என்றேன். அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். "மாமி, நீங்க ஒரு தடவை தப்புன்னு ஒத்துண்டா, இதுவரைக்கும் வேண்டாம்னு சொன்ன அத்தனை மிக்ஸிக்காரனும் ஆபீஸ் வாசல்ல வந்து நிப்பான். கோமளம் சொன்னா சரியா இருக்கும்னுதான் இந்தப் பக்கமே ஓடறது. திருத்தம் போட்டா பக்கத்தையே மூடிடலாம்" என்கிறார்.

மனசில் இருப்பதைச் சொல்கிறேன். ஆபீசில் நான் பத்தோடு பதினொன்று. வீட்டில் எல்லோருக்கும் சமைக்கிறவள். இந்த ஒரு பக்கம்தான் என் பெயரில் இருக்கிறது. அது போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது. ஆனால் உங்கள் கடை என்னால் மூடினால், அதில் எந்த முகத்தோடு எழுதுவேன்? யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

கோமளம்

*

தி. நகர்
13.12.1993

அன்புள்ள கோமளம் அம்மாவுக்கு,

வேண்டாம் அம்மா. பக்கத்தை விட்டுவிடாதீர்கள்.

பஞ்சை அனுப்பியது சின்னப் புத்தி. அனுப்பிய அன்றே ஷாகிரா என்னை வாங்கு வாங்கு என்று வாங்கினாள். நீங்கள் ஒளிக்காமல் எழுதியதைப் படித்ததும் என் கோபம் எங்கே போனது என்று தெரியவில்லை. நோட்டில் ஒரு பக்கத்தைக் கிழித்துப் போட்டிருந்தால் யாருக்குத் தெரியப்போகிறது? நீங்கள் செய்யவில்லையே.

ஆம்பூர் ஒன்றும் அந்தமான் இல்லை. பிரியாணி நன்றாக இருக்கும். தோல் வாசனை ஆறு மாதத்தில் பழகிவிடும் என்கிறார்கள். பழகியவர்கள் எல்லோரும் மூக்கால்தான் பேசுகிறார்கள், அது வேறு விஷயம்.

ஷாகிரா மூட்டை கட்ட ஆரம்பித்துவிட்டாள். பாத்திரங்களைப் பழைய 'இல்லச் சந்தை' தாளில் சுற்றுகிறாள். உங்கள் பக்கம் வரும் தாளை மட்டும் தனியே எடுத்து வைக்கிறாள். நேற்று கண் சிவந்திருந்தது. என்ன என்று கேட்டால், "வெங்காயம் நறுக்கினேன்" என்கிறாள். நேற்று எங்கள் வீட்டில் அடுப்பே மூட்டவில்லை.

உங்கள் கணவருக்கு ஒரு செய்தி. பதினேழாம் நம்பர் அட்டையை அவருக்காக எடுத்து வைத்திருக்கிறேன். வேன் வருவதற்கு முன் ஒரு நாள் வந்தால் கடைசியாக ஒரு முறை உதைத்துவிட்டுப் போகலாம்.

தம்பி,
கரீமுல்லா

*

மயிலாப்பூர்
28.12.1993

அன்புள்ள தம்பி கரீமுல்லாவுக்கு,

ஜனவரி இதழ் இன்று வந்தது. என் பக்கத்தைக் கிழித்து இத்துடன் வைத்திருக்கிறேன். நீங்கள் வேண்டாம் என்றீர்கள். நான் யார் சொல்லைக் கேட்டேன், உங்கள் சொல்லைக் கேட்க?

திருத்தம் போடத்தானே ஜெயராம் மாட்டேன் என்றார். நான் திருத்தம் எழுதவில்லை. எப்போதும் போல ஒரு சாமானைச் சோதித்து எழுதிக் கொடுத்தேன். "இதைப் போடுங்கோ, இல்லேன்னா வேற ஆளைப் பாத்துக்கோங்கோ" என்று மேசையில் வைத்துவிட்டு நின்றேன். அவர் படித்தார். முதல் பாராவில் முறைத்தார், இரண்டாவதில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மூன்றாவதில் சிரித்து, அச்சுக்கோப்பவரைக் கூப்பிட்டு உரக்கப் படித்துக் காட்டினார்.

"வாங்கலாமா?

இம்மாதம் சோதித்த சாமான்: கோமளம்.

தயாரிப்பு: 1947, கும்பகோணம். எடை சொல்வதற்கில்லை. சத்தம் அதிகம். ஒன்பது வருடமாக இந்தப் பக்கத்தில் உழைக்கிறது. பிறர் பொருளில் உள்ள குறையை உடனே காட்டும். தன் குறையைக் காட்டும் விளக்கு மட்டும் பொருத்தப்படவில்லை. சென்ற இதழில் அட்டை படிக்கும் கேம் கருவி களைத்துவிட்டது என்று எழுதியது. உண்மையில் ஆயுத பூஜை அன்று கோமளம் வைத்த சந்தனப் பொட்டு கருவியின் கண்ணை மறைத்துவிட்டது. துடைத்த உடனே கருவி நாற்பதில் முப்பத்தெட்டு அட்டைகளைப் படித்தது. துடைத்த பிறகும் ஒரு வாரம் விறைப்பாக நின்றது கோமளம்தான்.

கருவியைப் பற்றிய தீர்ப்பு: நன்று. பாடம் படித்து முடித்த பிள்ளைகளை அரை மணி விடலாம். உடன் போகும் அப்பாக்களைத்தான் கண்காணிக்க வேண்டும். தி. நகரில் கரீமுல்லா கடையில் கிடைக்கும்.

கோமளத்தைப் பற்றிய தீர்ப்பு: அவ்வப்போது துடைத்துப் பயன்படுத்தவும்."

பக்கம் தொடருமா என்று ஜெயராம் சொல்லவில்லை. வருகிற கடிதங்களைப் பார்த்து முடிவு செய்வாராம். என்ன ஆனாலும் சரி, இருபது நாளாகச் சுமந்தது இறங்கிவிட்டது. ஷாகிராவுக்கு என் ஆசிகள். மூட்டையை மெதுவாகக் கட்டச் சொல்லுங்கள்.

கோமளம்

*

தி. நகர்
17.1.1994

கோமளம் அக்காவுக்கு,

மூன்று வாரமாகப் பதில் எழுத நேரமில்லை. நேரமில்லை என்று எழுதுவதே எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருக்கிறது தெரியுமா?

இதழ் வந்த மூன்றாம் நாள் ஒரு அம்மா வந்தார். பிள்ளை கூட இல்லை. "கோமளம் மாமியவே கவுத்த மெஷின் எது, காட்டு நைனா" என்றார். எடுத்துக் காட்டினேன். பிளவுக்குள் எட்டிப் பார்த்து, "இங்கியா வெச்சாங்க பொட்டு!" என்று விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, ஒரு ஆட்டம் ஆடிப் பார்த்தார். மறுநாள் அவரே நாலு பேரைக் கூட்டிவந்தார். கே.கே. நகரிலிருந்து வருகிறார்கள், அடையாறிலிருந்து வருகிறார்கள். அம்மாக்கள் முன்னால் வருகிறார்கள், பிள்ளைகள் பின்னால். உங்களைப் பற்றியும் கேட்கிறார்கள். "தப்ப ஒத்துகினாங்க பாரு, இனிமே அவங்க சொன்னா கண்ண மூடிகினு வாங்கலாம்" என்றார் ஒருவர். அதை அப்படியே ஒரு கார்டில் எழுதி ஜெயராம் சாருக்குப் போடச் சொன்னேன். கடையில் நான் கார்டு கட்டு வைத்திருக்கிறேன். ஆட வருகிறவர்கள் எல்லோரும் எழுதிவிட்டுத்தான் ஆட வேண்டும் என்று ஷாகிரா சட்டம் போட்டுவிட்டாள். இதுவரை அறுபத்திரண்டு கார்டு போயிருக்கிறது. அவருக்கு வேறு வழி இல்லை அக்கா, பக்கம் உங்களுக்குத்தான்.

கருவி ஒன்றுதான் இருக்கிறது. அடிதடி ஆகிவிடக் கூடாதென்று டோக்கன் போட்டிருக்கிறோம். ஷாகிரா வாசலில் முக்காலி போட்டு உட்கார்ந்து டோக்கன் கொடுக்கிறாள். உங்கள் கணவர் வாரத்தில் மூன்று நாள் வருகிறார். ஆழ்வார்பேட்டையில் ஒரு நண்பரைப் பார்க்கப் போவதாக உங்களிடம் சொல்லியிருக்கிறார் போல. நான் எதுவும் சொன்னதாக இருக்க வேண்டாம்.

நேற்று தை மூன்று. சொன்னபடி மாமனார் ஆம்பூரிலிருந்து வேனோடு வந்தார். வேன் சந்துக்குள் நுழைய முடியவில்லை. தெரு முனையில் இறங்கி, கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வாசல்வரை வந்து, "கரீமுல்லா எங்கே? சாமான் ஏத்தணும்" என்று சத்தம் போட்டார். நான் உள்ளே கல்லாகிப் போய் நின்றேன்.

ஷாகிரா முக்காலியிலிருந்து எழுந்திருக்கக்கூட இல்லை. பெற்ற தகப்பனை நிமிர்ந்து பார்த்தாள். "இவங்கல்லாம் காலைலேர்ந்து காத்துகினு கீறாங்க. நடுவுல பூந்தா எப்டி? இந்தாங்க, இருபத்தேழாம் நம்பர். கூப்பிடுவேன், அப்படி ஓரமா உக்காருங்க" என்று அவர் கையில் டோக்கனைத் திணித்தாள்.

மனிதர் டோக்கனைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார், மகளைப் பார்த்தார். பிறகு டிரைவரிடம், "நீ வண்டிய எடுத்துகினு ஊருக்குப் போ. எனக்கு நேரமாகும்" என்று சொல்லிவிட்டு, பெஞ்சில் இடம் கேட்டு உட்கார்ந்துகொண்டார்.

உங்கள் தம்பி,
கரீமுல்லா